வளரும் சிறு அலுவலகத்துக்கு ரவுட்டர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஐந்தாறு பேரோடு மாடி அறையில் தொடங்கும் அலுவலகம், நல்ல பையர்கள் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு வியாபாரிகள்) இரண்டு பேர் கிடைத்ததும் இருபது பேராகிவிடுகிறது. மேசை கூடுகிறது, கணினி கூடுகிறது. மூலையில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் ரவுட்டர் மட்டும் முதல் நாள் வந்ததாகவே இருக்கிறது. அது திணறத் தொடங்கும் நாளில்தான் எனக்குத் தொலைபேசி வரும். அந்த அழைப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இணைய இணைப்போடு நிறுவனம் கொடுத்த பெட்டியே போதாதா?

எட்டுப் பத்துப் பேர் வரை பெரும்பாலும் போதும். அந்தப் பெட்டி வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஃபைபரில் வரும் ஒளியை மின்சைகையாக மாற்றுவது, ரவுட்டர் வேலை, ஸ்விட்ச் வேலை, வைஃபை என நான்கு பொறுப்புகளையும் அந்தச் சின்னப் பெட்டி ஒன்றே சுமக்கிறது.

ஒரு அலுவலகத்தில் தினமும் பதினொரு மணிக்கு மேல் வருகிறவர்களின் போன் வைஃபையில் இணையவே இணையாது. பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுநாள் பழைய கதைதான். போய்ப் பார்த்தேன். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற ஓர் எண் வேண்டும். 100 ஐபி முகவரிகளை மட்டும் பங்கிட்டுக் கொடுக்கும்படி பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை ஒரு கருவிக்குக் கொடுத்த முகவரியை 24 மணி நேரத்துக்கு வேறு எதற்கும் தராது. ஊழியர்கள் இருபத்திரண்டு பேர்தான். ஆனால் வைஃபை கடவுச்சொல் பேக்கிங் பகுதி முழுக்கத் தெரிந்திருந்தது, சரக்கு ஏற்ற வரும் லாரி ஓட்டுநர்களுக்கும் தெரிந்திருந்தது. முற்பகலுக்குள் 100 முகவரிகளும் தீர்ந்துவிடும். அணைத்துப் போட்டதும் பெட்டி தன் பட்டியலை மறந்துவிடுவதால், நோய் குணமானதுபோலத் தெரியும்.

அன்று அமைப்பை மாற்றியே சரிசெய்துவிட்டேன். புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. பெட்டியை அடிக்கடி அணைத்துப் போட வேண்டியிருக்கிறது என்றால், வாங்கக் கிளம்பும் முன் முதலில் இதைப் பாருங்கள்.

வைஃபை நன்றாக எட்டுகிற ஒரே பெரிய ரவுட்டராக வாங்கிவிடலாமா?

வேண்டாம். நான் மிகவும் அழுத்திச் சொல்வது இதைத்தான்: வளரும் அலுவலகத்தில் ரவுட்டர் தனி, ஸ்விட்ச் தனி, வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் தனி என்று இருக்க வேண்டும்.

ரவுட்டர் என்பது உங்கள் அலுவலகத்துக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நிற்கும் வாசல். ஸ்விட்ச் உள்ளே இருக்கும் கணினி, பிரின்டர், கேமராக்களைக் கேபிளால் கோக்கிறது. ஆக்சஸ் பாயின்ட் வைஃபை மட்டும் தருகிறது. இவை இருக்க வேண்டிய இடமே வேறு வேறு. ரவுட்டர் ஃபைபர் வந்து சேரும் மூலையில் இருக்க வேண்டும். வைஃபை, ஆட்கள் உட்காரும் கூடத்தின் நடு உச்சியில் இருக்க வேண்டும். ஒரே பெட்டியாக வாங்கினால் இரண்டில் ஒன்று கெடும். இரும்பு பீரோவின் மேல், கோப்புகளுக்குப் பின்னால் எட்டு ஆன்டெனா வைத்த ரவுட்டரைப் பார்த்திருக்கிறேன். பீரோவின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த கணக்காளருக்கு ஒரு கோடுதான் சிக்னல்.

பிரித்து வைத்தால் வளர்ச்சிக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகக் கூட்டலாம். மாடி கூடினால் ஆக்சஸ் பாயின்ட் ஒன்று. மேசை கூடினால் ஸ்விட்ச். இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் மட்டும் ரவுட்டர். எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஸ்விட்ச் வாங்கும்போது பிஓஇ வசதி உள்ளதாக வாங்குங்கள். ஒரே கேபிளில் இணையமும் மின்சாரமும் போகும். உச்சியில் மாட்டிய ஆக்சஸ் பாயின்ட்டுக்குத் தனியாக பிளக் தேட வேண்டாம். அதன் தரம் 802.3ஏஎஃப் என்றால் ஒரு போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளைக்கு) 15.4 வாட், 802.3ஏடி என்றால் 30 வாட். எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஸ்விட்ச் தரும் மொத்த வாட் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். அதைக் கேட்காமல் எட்டுக் கேமராவை மாட்டிவிட்டு, எட்டாவது மட்டும் ஏன் எரியவில்லை என்று பிறகு தேடுவார்கள்.

அப்படியானால் நிறுவனம் கொடுத்த பெட்டியை என்ன செய்வது?

இருக்கட்டும், ஃபைபரை மாற்றித் தரும் வேலையை மட்டும் அது செய்யட்டும். இணைப்பு கொடுத்தவர்களிடம் 'பிரிட்ஜ் மோடில் போட்டுக் கொடுங்கள்' என்று சொன்னால் புரியும். அதன் பிறகு இணைப்புக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரவுட்டரில் ஏறும். இதைச் செய்யாமல் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டினால், உள் ஐபி முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு இடத்தில் நடக்கும். சாதாரணமாக இணையம் பார்க்கையில் தெரியாது, விபிஎன்னும் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை) வெளியிலிருந்து கேமரா பார்ப்பதும் மல்லுக்கட்டும்.

பெட்டியில் 1200, 3000 என்று போட்டிருக்கிறதே, அது வேகமா?

கூட்டல் கணக்கு. ஏசி 1200 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட். இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியிருக்கிறார்கள். ஏஎக்ஸ் 3000 என்றால் 574 கூட்டல் 2402. ஒரு மடிக்கணினி ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் பொதுவாக இணைகிறது. அதிலும் காகிதத்தில் உள்ள எண் கைக்கு வராது. இவை வைஃபையின் எண்கள், ரவுட்டரின் திறனைச் சொல்லும் எண்கள் அல்ல. 1200 என்று முன்னால் அச்சிட்டு, பின்னால் 100 மெகாபிட் போர்ட் வைத்த பெட்டிகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். போர்ட்டுகள் கிகாபிட் என்று இல்லாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

300 மெகாபிட் திட்டம் வாங்கியிருக்கிறோம். எங்கே அளந்தாலும் 94-தான் வருகிறது. இணைப்பு கொடுத்தவர் ஏமாற்றுகிறாரா?

94 என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு நோய் தெரிந்துவிடும். 100 மெகாபிட் போர்ட்டில், தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற குறிப்புகள் பிடிக்கும் இடம் போக மிஞ்சுவது அவ்வளவுதான். வழியில் ஏதோ ஓர் இடம் 100-ல் நிற்கிறது.

ரவுட்டரும் ஸ்விட்சும் கிகாபிட்தான் என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். எலி கடித்தோ, நாற்காலிச் சக்கரம் ஏறியோ ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு துண்டிக்கப்படாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பல மாதம் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவு. முனையை பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அந்தக் கம்பி எளிதில் முறிகிறது. பிஓஇ மின்சாரம் போனால் செம்பைவிட அதிகம் சூடாகிறது. சுவருக்குள் புதைக்கிற பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இருபத்தைந்து பேருக்கு எந்த அளவு ரவுட்டர்?

ஆளைவிடக் கருவியை எண்ணுங்கள். ஒருவருக்குக் கணினி, போன் என்று இரண்டு. பிரின்டர், கைரேகை வருகைப்பதிவுக் கருவி, கேமரா எல்லாம் சேர்ந்தால் எழுபதை நெருங்கும். பிறகு அந்தக் கருவிகள் திறக்கும் தொடர்புகள். ஒரு பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து, மின்னஞ்சலும் கிளவுட் சேமிப்பும் ஓடினால் ஒரு கணினி நூறு தொடர்புகளை எளிதாகத் தொடும். மொத்தம் ஏழாயிரம் என்று வையுங்கள். இவை ஒவ்வொன்றையும் ரவுட்டர் தன் நினைவகத்தில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. பட்டியல் நிரம்பினால் புதிய பக்கம் எதுவும் திறக்காது. ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறவர் மட்டும் தொடர்ந்து பேசுவார். 'ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை' என்ற புகாருக்கு இது ஒரு காரணம்.

ஆகவே தகவல் தாளில் ஒரே நேரத்தில் எத்தனை தொடர்புகள் என்பதைத் தேடுங்கள். உங்கள் அளவுக்கு 30,000-க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. வீட்டு ரவுட்டர்களின் தாளில் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது.

1 கிகாபிட் வேகம் என்று போட்டிருந்தால், அது எந்தக் கட்டுப்பாடும் போடாமல் அளந்ததா என்று கேளுங்கள். பல ரவுட்டர்கள் நேர்வழியில் கிகாபிட்டைக் கடத்திவிடும். வேகப் பங்கீடு, தளத்தடை, விபிஎன் என்று ஒவ்வொன்றாகப் போட்டதும் எல்லாப் பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) ரவுட்டரின் பிராசஸர் வழியாகப் போக வேண்டியிருக்கும். வேகம் சரிபாதிக்கும் கீழே போகலாம். நீங்கள் பயன்படுத்தப்போகும் வசதிகளோடு என்ன வேகம் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாலையில் வீடியோ அழைப்பு உறைந்துபோகிறது. ஏன்?

எனக்கு மிகவும் அக்கறையுள்ள கேள்வி இது. இதற்குத்தான் தவறான மருந்து அதிகம் விற்கிறது. மாலை ஐந்து மணிக்கு ஐரோப்பிய பையரோடு அழைப்பு. அதே நேரத்தில் பக்கத்து மேசையில் ஒருவர் சாம்பிள் புகைப்படங்களை, நானூறு ஐந்நூறு மெகாபைட், கிளவுடில் ஏற்றுகிறார். அழைப்பில் முகம் நிற்கிறது, குரல் உலோகமாகிறது. வேகம் போதவில்லை என்று பெரிய திட்டத்துக்கு மாறுகிறார்கள். அடுத்த வாரமும் அதே.

வீடியோ அழைப்புக்கு மூன்று நான்கு மெகாபிட்தான் வேண்டும். வேகம் அங்கே குறை இல்லை, வரிசைதான் குறை. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை நீண்ட வரிசையில் நிறுத்துகின்றன. புகைப்படப் பாக்கெட்டுகள் ஆயிரம் முன்னால் நிற்கின்றன. பேச்சுப் பாக்கெட் ஒன்று கடைசியில் நிற்கிறது. டோக்கன் ஒன்றுதான் என்றாலும், முன்னால் மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர் முடிக்கும்வரை காத்திருக்கும் நிலை அதற்கு.

நீங்களே சோதிக்கலாம். ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும் 'பிங்' கட்டளையை ஒரு கணினியில் ஓட விடுங்கள். சும்மா இருக்கும்போது 10, 15 மில்லிசெகண்ட் வரும். இன்னொரு கணினியில் பெரிய கோப்பை ஏற்றத் தொடங்குங்கள். எண் 300, 400 என்று தாவினால் நோய் இதுவே.

மருந்து, வரிசையை அறிவோடு நடத்தும் ரவுட்டர். எஃப்க்யூ-கோடெல், கேக் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை வைத்து மாற்றி மாற்றி அனுப்புகின்றன. மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7-லும், திறந்த ரவுட்டர் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியிலும் இவை உண்டு. இணைப்பின் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எல்லையாகப் போட வேண்டும். அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டரிலேயே நிற்கும், உங்கள் சொல் கேட்கும். பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. ஒரு மாலை அழைப்பை இடறாமல் பேசி முடித்த பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வது நல்லதா?

ஷிப்மென்ட் ஆவணம் ஏற்ற வேண்டிய நாளில் இணையம் போனால் ஆகும் நஷ்டத்தை நினைத்தால், நல்லதுதான். ஆனால் இரண்டு நிறுவனங்களின் பெயர் வேறாக இருந்தால் மட்டும் போதாது; வருகிற வழியும் வேறாக இருக்க வேண்டும். இரண்டு ஃபைபரும் ஒரே மின்கம்பத்தில் தொங்கினால், சாலையில் போகும் உயரமான சரக்கு வண்டி ஒன்றே இரண்டையும் இழுத்துவிடும். ஒன்று ஃபைபர், மற்றது 4ஜி அல்லது 5ஜி என்று வைப்பதை விரும்புகிறேன்.

ரவுட்டரில் இதற்கு ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: இணைப்பு போய்விட்டதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேபிளில் மின்சைகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரவுட்டர் பயன்படாது. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் உங்கள் அறையில் பெட்டி உயிரோடுதான் இருக்கும், கேபிளில் சைகையும் இருக்கும். வெளியே ஒரு முகவரிக்குத் தொடர்ந்து பிங் அனுப்பிப் பார்த்து மாறுவதாக இருக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் பங்கிட்டு ஓட்டலாம்தான். ஆனால் வங்கித் தளத்தில் நுழைந்த பின் பாதியில் ஐபி முகவரி மாறினால் வெளியே தள்ளிவிடும் வாய்ப்பு உண்டு. ஒன்று வேலைக்கு, ஒன்று காவலுக்கு என்று வைத்தால் தலைவலி இல்லை.

வைஃபை 6 போதுமா, வைஃபை 7-க்குக் காத்திருக்கலாமா?

வைஃபை 6 போதும். 2019-ல் சான்றளிப்புத் தொடங்கிய இது, பல கருவிகள் சிறிது சிறிதாகப் பேசும் கூடத்துக்கென்றே மேம்பட்டது. வைஃபை 7-க்கு 2024 ஜனவரியில் சான்றளிப்புத் தொடங்கியது. மடிக்கணினியும் அதைப் புரிந்துகொள்வதாக இருந்தால்தான் பயன். உங்கள் கூடத்தில் எத்தனை மடிக்கணினி அப்படி இருக்கிறது என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸை முழுதாக அணைத்துவிடாதீர்கள். வருகைப்பதிவுக் கருவி, பழைய பிரின்டர் பலவற்றுக்கு அது மட்டுமே தெரியும். அதில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றன்மேல் ஒன்று படாதவை.

வீட்டிலிருந்து அலுவலகக் கணினியில் டேலி பார்க்க வேண்டும். போர்ட் திறந்துவிடலாம் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை (இங்கே போர்ட் என்பது கேபிள் துளை அல்ல, இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட கதவு) வெளியே திறந்து வைப்பது, கல்லாப்பெட்டியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். இணையத்தில் எந்தெந்த முகவரியில் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கின்றன. கடவுச்சொல் உடைந்ததும் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். பத்து வருடக் கணக்கு ஒரே இரவில் போன அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேக்கப் எடுத்து வைத்த டிஸ்க்கும் அதே கணினியில் செருகப்பட்டிருந்தது.

விபிஎன் உள்ள ரவுட்டராக வாங்குங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் முறை இருந்தால் நல்லது; எளிய பிராசஸரிலும் வேகமாக ஓடுகிறது. அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், நிறுவனம் பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து உங்கள் வாசலை நேராகத் தட்ட முடியாது. நிலையான ஐபி முகவரி கேட்டு வாங்க வேண்டும்.

விருந்தினர் வைஃபை, கேமரா எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் வைத்தால் என்ன?

கேமராவுக்குள் நுழைந்தவன் கணக்குக் கணினிக்கும் நடந்து வரலாம். வி-லேன் வசதியுள்ள ரவுட்டரும் ஸ்விட்சும் இருந்தால், கேபிள் ஒன்றாக இருந்தாலும் நெட்வொர்க்கை மூன்றாகப் பிரிக்கலாம்: ஊழியர், விருந்தினர், கேமரா. கேமராவை வைஃபையில் ஓட்டாதீர்கள். ஒரு கேமரா 4 மெகாபிட் என்றால் எட்டுக்கு 32 மெகாபிட், இரவு பகல் ஓயாமல். கேபிளில் ஸ்விட்ச் அதைப் பொருட்படுத்தாது. வைஃபையில் கூடமே திணறும்.

எந்த நிறுவனத்தின் ரவுட்டர்?

லாட்வியாவின் மைக்ரோடிக் விலைக்கு மிஞ்சிய திறன் தருகிறது. ஆனால் அமைப்பதற்குக் கற்றவர் வேண்டும், அரைகுறையாக அமைத்தால் ஆபத்து. டிபி-லிங்க்கின் ஓமாடா, யுபிக்விட்டியின் யூனிஃபை இரண்டும் ரவுட்டர், ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டுகின்றன. ஐடி ஆள் தனியாக இல்லாத அலுவலகத்துக்கு இவற்றைத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். தைவானின் டிரேடெக் இரட்டை இணைப்பிலும் விபிஎன்னிலும் கை தேர்ந்தது.

இவற்றில் எது என்பதைவிட, எது கெட்டால் உங்கள் ஊரில் அன்றே வந்து பார்க்க ஆள் இருக்கிறார் என்பதே எனக்கு முதல் கேள்வி. உத்தரவாதத்துக்கு எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று வாங்கும் முன்பே கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

ஒருமுறை அமைத்துவிட்டால் அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. 2018 ஏப்ரலில் மைக்ரோடிக் தன் மென்பொருளில் இருந்த ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டது. ஆகஸ்டில், பிரேசிலில் தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் அதே ஓட்டை வழியாகக் கைப்பற்றப்பட்டன. அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கணினிகள் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டின. மருந்து நான்கு மாதமாகக் கையில் இருந்தது, போடத்தான் இல்லை.

வாங்கும்போதே அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளின் புதிய பதிப்பு) வந்தது என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். ஒன்றரை வருடமாக எதுவும் வரவில்லை என்றால் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். வெளியிலிருந்து நிர்வாகப் பக்கம் திறக்கும் வசதியையும், பொத்தான் அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. கணினிப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை (எப்போது என்ன நடந்தது என்ற குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ரவுட்டரின் சிறு நினைவகத்தில் அது தங்காது. பதிவுகளை இன்னொரு கணினிக்கு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நல்ல ரவுட்டரே வாங்கினோம், இரண்டு வருடத்தில் போய்விட்டதே?

எங்கே வைத்திருந்தீர்கள்? எங்கள் ஊரில் ரவுட்டரைக் கொல்வது பஞ்சுத் தூசிதான். கட்டிங் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைத் திறந்தபோது, காற்றுத் துளைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு மெத்தையே படிந்திருந்தது. கை வைக்க முடியாத சூடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே ஆயுள் கூடும்.

காரணமில்லாமல் தானாக அணைந்து எழுந்தால் ரவுட்டரைக் குறை சொல்லும் முன் 12 வோல்ட் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். ரவுட்டரைவிட அது முந்திச் சாகும்.

யுபிஎஸ்ஸில் ரவுட்டரை மட்டும் மாட்டிப் பயனில்லை. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றும் ஒன்றாக அதில் இருக்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. 30 வாட் சுமைக்குக் கணக்குப்படி இரண்டே முக்கால் மணி நேரம். இழப்பும் பேட்டரியின் வயதும் போக ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் நல்லது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளுக்கு அது போதாது; ஜெனரேட்டர் லைனில் இருந்து அந்த மூலைக்கு ஒரு பிளக் இழுத்துவிடுங்கள்.

புதியது மாட்டிய பிறகு பழைய ரவுட்டரை என்ன செய்யலாம்?

ஓடுகிற நிலையில் இருந்தால் மாற்றாக வைத்திருங்கள். இணைப்பு விவரங்களை ஏற்றி, ஒருமுறை மாட்டிச் சோதித்து, அதன் அடாப்டரை அதோடேயே கட்டிப் பக்கத்தில் வையுங்கள்; தனியாகக் கிடக்கும் அடாப்டர் தேவைப்படும் நாளில் கிடைக்காது. பிபிபிஓஇ பயனர்பெயர், இணைப்பு எண், புகார் செய்யும் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டி இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அந்தத் தாளில் எழுதாதீர்கள். அவை முதலாளியிடம் உறையில் இருக்கட்டும்.

யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், பின்பக்கத் துளையில் ஊசியை வைத்துப் பத்து விநாடி அழுத்தி முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் இணைப்பின் கடவுச்சொல் அதற்குள்தான் இருக்கிறது.